கார் ஷெட்டுக்கு வராது, அண்ணா

அன்புள்ள அண்ணா,

டிரைவர் கதவில் சாவியைத் திருப்பினால் நம் காரின் நான்கு பூட்டுக் குமிழ்களும் ஒன்றாக உள்ளே இறங்க வேண்டும். உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் மூன்றுதான் இறங்கின. பின்பக்க இடது கதவின் குமிழ் மட்டும் கொஞ்சம் அசைந்தது, யோசிப்பது போல நின்றது, அப்படியே மேலேயே இருந்துவிட்டது. வீடு நிறைய விருந்தாளிகள். பந்தல்காரர் ஒரு பக்கம், பிரியாணி அண்டா ஒரு பக்கம், இஸ்திரி போட்ட சட்டையைத் தேடி நீ ஒரு பக்கம். அந்தக் குமிழை நான் மட்டும்தான் பார்த்தேன். அதன் பிறகு நடந்ததில் பாதி உனக்குத் தெரியும், பாதி தெரியாது. தெரியாததையும் சேர்த்து எழுதுகிறேன்.

கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போகும் மகனுக்குப் பெற்றவர்கள் எழுத வேண்டிய கடிதம் இது. அம்மா இருந்திருந்தால் அம்மாவே எழுதியிருப்பார், இரண்டு பைபிள் வசனமும் சேர்த்திருப்பார். அப்பாவிடம் கேட்டேன். "நீ எழுது பாப்பா, உன் எழுத்துதான் முத்து மாதிரி இருக்கும். நான் கீழ கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார். என்ன எழுதட்டும் என்றேன். "நல்லா இருக்கச் சொல்லு. ரீனா மனசு நோகாம நடந்துக்கச் சொல்லு. ரிங் ரோட்ல பைக்கை மெதுவா ஓட்டச் சொல்லு." எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார். "அவ்வளவுதான்" என்றார். ஆகவே அப்பாவின் பங்கு இதோ இந்தப் பத்தியோடு முடிந்தது. இனி வருவதெல்லாம் நான் எழுதுவது. தங்கை அண்ணனுக்குப் புத்தி சொல்வதா என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து வீட்டுக் குரூப்பிலும் போடப்போகிறேன். ரிசப்ஷனில் நீ மைக்கில் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள், பதிலையும் எல்லோரும் பார்க்கட்டும். மைக்கைப் பிடித்துப் பேச எனக்கு வராது என்று உனக்குத்தான் நன்றாகத் தெரியும். எழுத வரும்.

அந்தக் கார் நம் இருவருக்கும் மூத்தது. அப்பா டிரைவராக இருந்த முதலாளி வீட்டில் ஓடாமல் நின்று, டயர் நான்கும் தரையோடு ஒட்டிப்போய், பழைய இரும்புக்குப் போக இருந்தது. அப்பா போய்க் கேட்டு வாங்கிக்கொண்டார். கயிறு கட்டி இழுத்து வரும்போது லிங்கராஜபுரம் மேம்பாலத்தில் பின்னால் வந்த பஸ் டிரைவர் கன்னடத்தில் திட்டியதை நீ வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடித்துக் காட்டினாய். கார் நம் சந்துக்குள் நுழைந்துவிட்டது, அது நின்ற பிறகு வீட்டு கேட்டைத் திறக்கத்தான் இடமில்லை. "நாலு பேர் காலை நீட்டிப் படுக்க இடமில்லாத வீட்டுக்கு இந்தக் கப்பல் எதுக்கு?" என்று அம்மா கேட்டார். "கப்பல்லயே படுத்துக்கலாம்மா" என்றாய். அம்மா கோபத்தை மறந்து சிரித்துவிட்டார். அப்பா கேட்டையே கழற்றிச் சுவரோரம் சாய்த்தார். இன்றைக்கும் நம் வீட்டுக்கு கேட் கிடையாது, கார்தான் கேட். ஒல்லியானவர்கள் காருக்கும் சுவருக்கும் நடுவே வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு வருவார்கள். உடம்பு பருத்த பெரியத்தையோ சந்துப் பக்கக் கதவில் ஏறி, பின்சீட்டில் நகர்ந்து, வீட்டுப் பக்கக் கதவில் இறங்கி, "பிரயாணம் நல்லபடியா முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருவார். அந்த வீட்டில்தான் நீயும் நானும் வளர்ந்தோம் என்பதை மறந்துவிடாதே. உன் புது ஃப்ளாட்டில் கார் நிறுத்தத் தனி இடம், அதற்கு ஒரு நம்பர், காவலாளி எல்லாம் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் வருகிறவர்களைச் சிரிக்க வைக்க அங்கே நீயேதான் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும்.

பள்ளி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைப் பற்றி நீ எல்லோரிடமும் ஒன்று சொல்கிறாய், அப்பா ஒன்று சொல்கிறார், பெரியத்தை மூன்றாவதாக ஒன்று சொல்கிறார். ஊரடங்கு முடிந்து பள்ளி திறந்தபோது நான் ஒன்பதாவதுக்குத் திரும்பிப் போகவில்லை. உடம்பு சரியில்லாமல் இல்லை, ஃபீஸ் கட்ட முடியாமலும் இல்லை. போனில் கேமராவை அணைத்து வைத்துப் படித்த காலத்தில் என் முகத்தை யாரும் பார்க்கவில்லை. அந்த நிம்மதி எனக்குப் பிடித்துவிட்டது. மறுபடியும் அத்தனை பேர் நடுவில் எழுந்து நின்று "ப்ரெசென்ட் மிஸ்" என்று சொல்ல வாய் வரவில்லை. சீருடையைப் போட்டுக்கொண்டு கிளம்பி, கார் வரைக்கும் வந்து, பின்சீட்டில் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டேன். அப்பா கண்ணாடியைத் தட்டினார், பக்கத்து வீட்டு சிவண்ணா தட்டினார், பாஸ்டர் ஐயாகூட வந்து தட்டினார். நீ தட்டவில்லை. காருக்குக் கீழே ஏதோ வேலையாகப் படுத்திருந்தவன், மெதுவாகத் தலையை வெளியே நீட்டி, "இங்கயேதான் இருக்கப் போறியா?" என்றாய். தலையாட்டினேன். "அப்போ சும்மா உக்காராத. வந்து டார்ச்சைப் பிடி." சீருடையோடு இறங்கி வந்து உன் பக்கத்தில் படுத்தேன். சட்டை முழுக்கக் கிரீஸ். மறுநாள் போட சீருடையே இல்லை என்று ஆகிவிட்டது. அதை நீ வேண்டுமென்றே செய்தாயா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

காருக்குக் கீழே யாரும் நம் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. சந்தில் போகிறவர்களின் செருப்பு மட்டும் தெரியும். எனக்கு வேண்டியது அதுதான். அங்கேதான் நான் கற்றுக்கொண்டேன், கற்றுக்கொடுத்தவன் நீதான். கண்ணாடி ஏற்றும் கம்பியை மாற்றுவது, துருப்பிடித்த இடத்தைச் சுரண்டி மருந்து தடவுவது, சிவாஜி நகரில் பழைய சாமான் கடைகளில் ஒரு கைப்பிடிக்காக நான்கு கடை ஏறி இறங்குவது. நீ வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கீழே படுத்தாய். பிறகு ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. நான் தினமும் படுத்தேன். போன மாதம் விவேக் நகரிலிருந்து ஓர் அக்கா தன் அப்பாவின் பழைய காரைக் கொண்டுவந்து, "கண்ணாடி எறங்கவே மாட்டேங்குது, நீ பாக்கறியாம்மா?" என்று என்னைக் கேட்டார். அப்பாவைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார். இதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நீ எனக்கு முதல் வருடமே சொன்ன ஒன்றை உனக்கே நினைவுபடுத்துகிறேன். "இது பழைய டீசல் என்ஜின் பாப்பா. சாவியை எடுத்தா கரண்டு நின்னு என்ஜின் நிக்கும்னு நெனைக்காத. வேக்குவம்னு ஒண்ணு இருக்கு. என்ஜின் ஓடும்போது மெல்லிசு குழாய் வழியா காத்தை உறிஞ்சி வெச்சுக்கும். சாவியைத் திருப்பினா அந்த உறிஞ்சற சக்திதான் போய் டீசலை அடைக்கும். அதே சக்திதான் நாலு கதவையும் பூட்டறதும். எங்கயாவது ஒரு குழாய் ஓட்டையாச்சுன்னா, சாவி உன் பாக்கெட்ல இருக்கும், வண்டி பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கும்." பிறகு பானெட்டைத் திறந்து, என்ஜின் மேலே இருக்கும் சிறிய லீவரைக் காட்டினாய். "அப்போ இதை அமுக்கணும். செத்துடும்." நம் வீட்டில் இது எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. ஒருமுறை நீயும் அப்பாவும் கடைக்குப் போயிருந்தபோது கரண்டியும் கையுமாக வந்து அமுக்கிவிட்டுப் போனார்.

கல்யாணத்துக்கு முன்னால் ஸ்பீக்கர் வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது நீ. அண்ணி சர்ச்சுக்கு வரும் வழியில் அவருக்குப் பிடித்த பாட்டு காரில் ஓட வேண்டும் என்றாய். நல்ல ஆசைதான், நான் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்கதவுகளின் உள்பலகையை வெட்டி அப்பா ஸ்பீக்கரைப் பிடிக்க, நீ திருக, நான் டார்ச் காட்டினேன். சத்தம் பிரமாதமாக வந்தது. சிவண்ணா, "தியேட்டர் ஆகோய்த்து!" என்று, தியேட்டரே ஆகிவிட்டதாகக் கன்னடத்தில் சொல்லிக் கைதட்டினார். மறுநாள் காலை அந்தக் குமிழ் இறங்கவில்லை. கூடத்தில் அத்தனை பேர் இருந்ததால் உன்னைச் சமையலறைப் பக்கம் இழுத்துச் சொன்னேன். "அண்ணா, பின்கதவு லாக் எறங்கல." "கையால அமுக்கிடு." "இல்லண்ணா, ஒருவேளை நேத்து..." "பாப்பா, நாளைக்கு எனக்குக் கல்யாணம். லாக் எறங்கலன்னா என்ன, உன் அண்ணியை யாராவது தூக்கிட்டா போகப் போறாங்க?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் குமிழைக் கையால் அமுக்கினேன்.

நம் சர்ச்சில் எந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் நம் காரைத்தான் கேட்பார்கள் என்பது உனக்குத் தெரியும். அப்பா வாடகை வாங்கமாட்டார், ஆனால் சட்டம் பேசுவார். பெயின்ட்டில் டேப் ஒட்டக் கூடாது, ரிப்பனும் பூவும் மட்டும்தான், பெண்ணைத் தவிர வேறு யாரும் முதலில் இறங்கக் கூடாது. எத்தனையோ பெண்கள் அந்தப் பின்சீட்டில் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் போயிருக்கிறார்கள். அன்றைக்கு நம் வீட்டுக்கே வரும் பெண். அண்ணி வீட்டுப் பெண்கள் விடியற்காலையிலிருந்து கட்டிய மல்லிகைச் சரங்களைப் பானெட்டின் குறுக்கே பின்னிப் பின்னி, முன்னால் கிரில்லில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

நீ சர்ச்சுக்குள் நின்றுகொண்டிருந்ததால் வெளியே நடந்ததைக் காதால் மட்டும்தான் கேட்டிருப்பாய். கார் படிக்கட்டு முன்னால் வந்து நின்றது. அப்பா சாவியைத் திருப்பி எடுத்தார். என்ஜின் நிற்கவில்லை. மறுபடி போட்டுத் திருப்பினார். நிற்கவில்லை. வீடியோக்காரர், "அண்ணே, வண்டியை ஆஃப் பண்ணுங்கண்ணே, பாட்டு ரெக்கார்டு ஆகாது" என்றார். அப்பா சாவியை உயரத் தூக்கிக் காட்டினார். "ஆஃப் பண்ணிட்டேம்ப்பா!" யாரோ, "பேய் ஓட்டுதுடா" என்றார்கள். ஒருவர் பேட்டரி வயரைப் பிடுங்கச் சொன்னார். கியரில் போட்டு அடக்கலாம், இல்லை நகர்த்தலாம் என்றால் பம்பருக்கு முன்னால் பூக்கூடைப் பிள்ளைகள், பின்னால் மொத்தச் சொந்தக்காரர்களும். புகை படியேறி உள்ளே போனது. ஆர்கன் தொடங்கியது, நின்றது, மறுபடி தொடங்கியது. பாஸ்டர் ஐயா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். அண்ணியின் மாமா, அதுதான் கார் ரிப்பேர் ஷெட் வைத்திருக்கும் அங்கிள், அப்பாவின் தோளில் தட்டி, "இதுக்குத்தான் சொன்னேன் சம்பந்தி, ஒரு பட்டன் வெச்சுட்டா ஒரே அமுக்கு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அப்பாவுக்கு லீவர் தெரியாதா? பக்கத்தில் நின்ற சித்தப்பாவுக்குத் தெரியாதா? அப்பா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே கண்ணாடி வழியாகப் பானெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைத் திறக்க வேண்டுமானால் அந்த மல்லிகையைப் பிய்க்க வேண்டும். பெண் இன்னும் இறங்கவில்லை. பெண் இறங்குவதற்கு முன், பெண் வீட்டார் கண் முன்னால், பெண்ணின் காரில் கட்டிய பூவை மாப்பிள்ளையின் அப்பா பிய்ப்பதா? அவருக்குக் கை வரவில்லை. சித்தப்பா வானத்தைப் பார்த்தார். நான் தூணுக்குப் பின்னால், நீ எடுத்துக்கொடுத்த ரோஜா நிற லெஹங்காவில், யாரும் என்னைப் பார்க்காத இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். அங்கேயே நின்றிருக்கலாம். யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் போனேன். பிள்ளைகளை விலக்கிக்கொண்டு முன்னால் போய், "அப்பா, பானெட் லீவரை இழுங்க" என்றேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. முடிச்சு அவிழவில்லை. இரண்டு கையாலும் பிடித்துப் பிய்த்தேன். "ஐயையோ, நல்ல நாளும் அதுவுமா பூவைப் பிய்க்கிறா பாரு!" என்று ஒரு அம்மா கத்தினார். "யாரு இந்தப் பொண்ணு?" "மாப்ளையோட தங்கச்சி." "அந்த ஊமைப் பொண்ணா?" எல்லாம் காதில் விழுந்தது. பானெட்டைத் தூக்கி லீவரை அமுக்கினேன். என்ஜின் ஒருமுறை உடம்பை உதறி நின்றது. உள்ளே ஆர்கன் தெளிவாகக் கேட்டது. அண்ணி இறங்கினார், புடவையைச் சரிசெய்தார், என்னைக் கடக்கும்போது தலையிலிருந்த நெட் முக்காட்டைக் கொஞ்சம் விலக்கி, "நல்ல வேளை, அந்தச் சத்தத்துல எனக்கு ஜெபமே வரல" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார். அண்ணியை எனக்கு அந்த நிமிடத்திலிருந்து பிடிக்கும். அவரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். அவர் ஒன்று சரியில்லை என்று சொன்னால், கூடத்தில் எத்தனை பேர் இருந்தாலும், கையால அமுக்கிடு என்று மட்டும் சொல்லாதே.

இனி ரிசப்ஷன். கேக் வெட்டியாயிற்று, உங்களை வாழ்த்தி டோஸ்ட் சொல்லியாயிற்று. மைக் உன்னிடம் வந்தது. காலையில் நடந்ததைச் சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தாய். அதில் எனக்கு வருத்தமில்லை, சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு சொன்னாய்: "எங்க பாப்பாவுக்கு இந்த வண்டியோட கீழயே வயசு போகுது. இனிமே அவளுக்கு விடுதலை! ரீனாவோட மாமா கல்யாணப் பரிசா இந்தக் காரை அவரோட ஷெட்ல புத்தம் புதுசா மாத்தித் தரப்போறார். பட்டன் ஸ்டார்ட், எலக்ட்ரிக் லாக், வெள்ளை சீட். வண்டி எங்க புது வீட்டுக்கு வந்துடும். பாப்பாவை பியூட்டிஷியன் கோர்ஸ்ல சேத்து விட்டிருக்கேன்." எல்லோரும் கைதட்டினார்கள். நான் பேப்பர் தட்டில் கேக்கை வைத்துக்கொண்டு நின்றேன். விரல் நகத்துக்குள் காலையில் ஒட்டிய கிரீஸ் அப்படியே இருந்தது. அப்பா என்னைப் பார்த்தார், உடனே வேறு பக்கம் பார்த்தார்.

என்னை யாரிடமிருந்து விடுதலை செய்தாய் அண்ணா? அந்தக் காரின் கீழே என்னைப் படுக்க வைத்ததே நீதான். யாரோடும் பேச முடியாதவளுக்கு ஓர் இடம் கொடுத்துவிட்டு, அந்த இடத்தை இன்னொருவருடைய ஷெட்டுக்கு அனுப்பிவிட்டு, அதற்குப் பெயர் விடுதலையா? நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். நாலு பேர் "உன் தங்கச்சி என்ன பண்றா?" என்று கேட்டால் பதில் சொல்ல உனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இனி பதில் சொல்லு: கார் வேலை செய்கிறாள். சொல்லிப் பார், வாய் வலிக்காது. பியூட்டிஷியன் கோர்ஸ் மட்டமானது என்று நான் சொல்லவில்லை. அங்கே நாள் முழுக்க ஒருவர் முகத்துக்கு நேராக முகம் வைத்து நிற்க வேண்டும். அது எனக்கு எப்படி இருக்கும் என்று நீ ஒரு நிமிடமாவது யோசித்தாயா? பத்தாவது பரீட்சை எழுதுவதா வேண்டாமா என்பதையும் நானே பார்த்துக்கொள்கிறேன். எழுதினால் எனக்காக எழுதுவேன்.

நீங்கள் ஊட்டிக்குப் போயிருந்த வாரத்தில் இடது பின்கதவின் உள்பலகையைக் கழற்றினேன். ஸ்பீக்கர் திருகாணி ஒன்று, கதவுப் பூட்டுக்குப் போகும் மெல்லிய குழாயின் நடுவில் குத்தியிருந்தது. அவ்வளவுதான். பாட்டு வர வைத்த திருகாணிதான் என்ஜினை நிற்க விடாமல் செய்தது. குழாயை அந்த இடத்தில் வெட்டி, ரப்பர் துண்டு போட்டு இணைத்து, சின்னத் திருகாணியாகப் போட்டேன். ஸ்பீக்கரும் பாடுகிறது, சாவியை எடுத்ததும் என்ஜினும் நிற்கிறது. நீ வைத்த எதையும் நான் பிடுங்கி எறியவில்லை. மாற்றக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை, அண்ணா. பழைய காரில் புதிதாக ஒன்றை வைப்பதென்றால், முதலில் அதற்குள் என்ன ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வைக்க வேண்டும். அங்கிள் அந்தக் குழாய்களை மொத்தமாக உருவிப் போட்டுவிட்டு வயர் இழுப்பார். அவர் திறமைசாலிதான், பளபளவென்று வரும். அதன் பிறகு அதில் எது கெட்டாலும் அவர் ஷெட்டுக்குத்தான் போக வேண்டும். நம்மில் யாரும் அதைத் தொட முடியாது. நீயும்தான்.

கார் யாருடையது என்று நீ கேட்பாய். ஆர்.சி. அப்பா பெயரில். அப்பாவைக் கேட்டால், "புள்ள ஆசையா கேக்கறான், எப்படி இல்லேங்கறது" என்கிறார். சரி, உனக்கும் பங்கு இருக்கிறது. ஆனால் பங்கு வேண்டும் என்றால் வந்து படு. ஞாயிறு ஆராதனை முடிந்து அண்ணியைக் கூட்டிக்கொண்டு வா, பிரியாணி சாப்பிடு, பழைய சட்டையை மாட்டிக்கொண்டு கீழே வா. டார்ச்சை நான் பிடிக்கிறேன். உன் ஃப்ளாட்டின் நம்பர் போட்ட இடத்தில் அது மூடி போர்த்திக்கொண்டு நிற்பதற்காக நான் இத்தனை வருடம் அதைச் சுரண்டவில்லை.

நேற்று நீ குரூப்பில் போட்டிருந்தாய், "அங்கிள் நாளைக்கு ஆள் அனுப்புவார், சாவியைக் கொடுத்துடு பாப்பா" என்று. கூடவே கும்பிடும் கை பொம்மை ஒன்று. அதற்கு நான் பதில் போடவில்லை, காலையில் எழுந்து இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

இதுவரை எழுதியிருந்தபோது சந்தில் ஹாரன் கேட்டது. பேனாவை வைத்துவிட்டுப் போனேன். மீதியைத் திரும்பி வந்து எழுதுகிறேன்.

காரை இழுத்துப் போகும் டோயிங் வண்டி சந்து முனையை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் டிரைவர் இறங்கி வந்து, "காடி தகொண்டு ஹோக்பேக்கு, சாவி கொடி" என்றார், வண்டியைக் கொண்டுபோக வேண்டும், சாவி கொடுங்கள் என்று. அப்பா பனியனோடு வாசலுக்கு வந்தார். டிரைவர் அவரிடம் கையை நீட்டினார். சாவி அப்பாவின் பாக்கெட்டில் இல்லை, உள்ளே ஆணியில் தொங்கியது. எடுத்து வருவார் என்றுதான் நான் நினைத்தேன். அப்பா காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவளைக் கேளுங்க" என்றார். "வண்டி அவ பொறுப்பு." டிரைவருக்குச் சிரிப்பு. "ஈ ஹுடுகினா?" இந்தப் பெண்ணா என்று. சிவண்ணா அவர் வீட்டு வாசலில் பல் துலக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொடல்ல" என்றேன், தரமாட்டேன் என்று. அவருக்குக் கேட்கவில்லை. காதைக் கிட்டே கொண்டுவந்தார். "காடி கொடல்ல." அது சந்து முழுக்கக் கேட்டது. அவர் உடனே அங்கிளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"என்னம்மா விளையாட்டு இது? உங்க அண்ணன் சொல்லித்தானே அனுப்பினேன்?"

"தெரியும் அங்கிள்."

"புது வண்டி மாதிரி ஆக்கித் தரேன்மா. ஒத்தப் பைசா கேக்கலையே."

"ரொம்ப தேங்க்ஸ் அங்கிள். எங்களுக்குப் பழைய வண்டியே போதும்."

"அப்பாகிட்ட குடு."

அப்பா போனுக்கு அருகில் குனிந்து, "சம்பந்தி, அவ சொல்றதுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிமிர்ந்துகொண்டார்.  அங்கிள், "நான் உங்க அண்ணன்கிட்ட பேசிக்கறேன்" என்றார்.

"பேசுங்க அங்கிள். நானும் அவனுக்குத்தான் எழுதிக்கிட்டு இருக்கேன்."

சிவண்ணா வாயில் நுரையோடு சிரித்துவிட்டார்.  அப்பா டோயிங்காரருக்கு டீ போட்டுக் கொடுத்தார். அவர் நின்றபடியே குடித்து டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு, நாளைக்கு மறுபடி வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். மிரட்டலாகச் சொல்லவில்லை, அவருக்கு வந்த ஆர்டர் அப்படி.

டம்ளரைக் கழுவி வைத்தேன். ஜாக்கையும் வீல் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு போய், காருக்குக் கல் முட்டுக் கொடுத்து முன் சக்கரங்கள் இரண்டையும் கழற்றி, ஒவ்வொன்றாக வீட்டுக்குள் உருட்டிக்கொண்டு வந்தேன்.